வசந்த மண்டபத்து வெள்ளிக்கிழமை

சென்ற ஆண்டுத் தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டியிலே என் மாணவி ஒருத்தி மேடையில் நின்று அழுதாள். அந்த அழுகைக்குக் காரணம் அவளன்று, நான்.

கப்பல்துறையிலே கூலித்தொழில் செய்து சீவிக்கும் ஒரு குடும்பத்துப் பிள்ளை அவள். வகுப்பிலே ஒன்றைக் கேட்டால் எழுந்து நின்று, கேட்டதற்கு நேரே மறுமொழி சொல்லுவாள். சுற்றி வளைக்கமாட்டாள். அந்தத் திறமையைக் கண்டுதான் போட்டிக்குத் தெரிந்தெடுத்தேன். தலைப்பு நாவலர் பெருமான். தெரிந்தெடுத்த பின்னர் ஓர் ஆசிரியன் செய்யத் தகாததொன்றைச் செய்தேன். இரண்டிரவு கண்விழித்து அவளுக்கு ஒரு பேச்சு எழுதிக் கொடுத்தேன். எதுகை ஒருபுறம், மோனை ஒருபுறம், அடுக்குத்தொடர்கள் ஒன்றன்மேல் ஒன்று. பண்டிதர் பரீட்சைக்குப் படித்த காலத்திலே சேகரித்து வைத்த சொற்களெல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்குள் வந்து குடியேறின. பிள்ளை அதனை எழுத்துப் பிசகாமல் பாடமாக்கினாள்.

அதனோடும் நான் அமையவில்லை. கிரேக்க நாட்டுத் தெமொஸ்தெனிஸ் வாயிலே கூழாங்கற்களை இட்டுக்கொண்டு பேசிப் பழகினான், அலையோசைக்கு எதிரே நின்று குரலை வளர்த்தான் என்று பழைய சரித்திரகாரர் எழுதிய கதையைச் சொல்லி, அவளையும் வேறு நான்கு பிள்ளைகளையும் திருகோணமலைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். கற்களை மாத்திரம் கொடுக்கவில்லை. அலைகளைப் பார்த்து அவள் முழங்கினாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

போட்டி நாளிலே மூன்றாம் நிமிடத்தில் ஒரு சொல் நழுவிற்று. ஒரு கல்லை உருவினால் முழுவதும் சரியும்படியே அந்தச் சுவரை நான் கட்டியிருந்தேன். அடுத்த வாக்கியம் முந்திய வாக்கியத்தின் பொருளைப் பற்றிக்கொண்டு வரவில்லை. அதன் ஓசையைப் பற்றிக்கொண்டு வந்தது. ஓசை அறுந்தவுடன் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. சிறிது நேரம் நின்றாள். பின்னர் அழுதாள்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து, நாவலரின் தமையனார் மகனாகிய த. கைலாசபிள்ளை எழுதிய நாவலர் சரித்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். பரீட்சைக்காக முன்னொருகாலத்தில் படித்த நூல் அது. ஆண்டுகளும் நூற்பெயர்களும் நினைவில் இருந்தன. ஆனால், இந்த மனிதர் பேசக் கற்றது எவ்வாறு என்ற கேள்வியோடு அந்த நூலை நான் ஒருநாளும் திறந்ததில்லை. நாவன்மையினாலேயே பெயர் பெற்ற ஒருவரைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பிள்ளையை அனுப்பினேன். அவருடைய நாவன்மை எங்கிருந்து வந்தது என்பதை நானே அறியாதிருந்தேன்.

ஆறுமுகம் என்னும் பிள்ளைத் திருநாமம் உடைய நாவலர், 1822ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆந் திகதி நல்லூரிலே பிறந்தார். தந்தையார் கந்தப்பிள்ளை, தாயார் சிவகாமி அம்மையார். தந்தையார் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர், தமிழ் வல்லவர், நாடகங்கள் இயற்றியவர். பிள்ளைக்கு ஒன்பது வயதானபோது அவர் காலமானார். தமையன்மாரே வளர்த்துப் படிப்பித்தனர். சரவணமுத்துப் புலவரிடத்தும், அவருடைய ஆசிரியராகிய இருபாலைச் சேனாதிராய முதலியாரிடத்தும் தமிழ் கற்றார். இது பழைய வழி. ஆசிரியன் இருந்து சொல்ல, மாணாக்கன் இருந்து கேட்கும் வழி.

மற்றொரு வழியும் அக்காலத்திலே யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தது. 1814ஆம் ஆண்டு வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் இலங்கையில் வந்திறங்கினர். அவர்களுடைய சபையை ஆங்கில நாட்டிலே வளர்த்தவை பிரசங்கங்களே. சோன் வெஸ்லி கோயிலுக்குள்ளே காத்திருந்து பேசியவரல்லர். சனங்கள் இருக்குமிடத்துக்குப் போய் வெட்டவெளியில் நின்று பேசியவர். அந்த மரபிலே வந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் நடாத்திய ஆங்கிலப் பாடசாலையிலே ஆறுமுகம் சேர்ந்தார். அங்கேயே ஆசிரியருமாயினார். பாடசாலைத் தலைவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார், தமக்குத் தமிழ்ப் பண்டிதராகவும் விவிலியத்தைத் தமிழிலே பெயர்க்குந் தொழிலில் துணைவராகவும் அவரை வைத்துக்கொண்டார். திருநீறு அணிந்த ஓர் இளைஞர் கிறிஸ்தவ வேதத்தைப் பல ஆண்டுகள் வாக்கியம் வாக்கியமாகத் தமிழாக்கினார். பின்னர் இருவரும் சென்னைக்குச் சென்று, அங்கே மகாலிங்கையரிடம் அந்த மொழிபெயர்ப்பைக் காட்டி அங்கீகாரம் பெற்று மீண்டனர்.

நாவலரின் கல்வியிலே இந்தப் பகுதியை நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். கடக்கலாகாது. வேத புத்தகம் தனியே இருந்து படிப்பதற்கு மட்டும் உரியதன்று. சபையிலே உரத்து வாசிப்பதற்கும் உரியது. கேட்பவன் திரும்பிப் பார்க்க ஏடு இல்லை. ஒருமுறை காதில் விழும்போதே பொருள் மனத்தில் இறங்கவேண்டும். இந்தப் பயிற்சியைப் பல ஆண்டுகள் பெற்ற ஒருவருக்கு, ஒரு வாக்கியம் எங்கே தடுக்கும், எங்கே மூச்சு வாங்கவேண்டும் என்பது கைவந்துவிடும். அன்றியும், பாதிரிமார் பேசுவதை அவர் நாளும் கேட்டார். ஒரு பொருளை எடுக்கின்றார்கள், பகுக்கின்றார்கள், ஒவ்வொரு பகுதியையும் விளக்குகின்றார்கள், ஈற்றிலே, நீ என்ன செய்யப் போகின்றாய் என்று கேட்பவனை நோக்கித் திரும்புகின்றார்கள். எதிர்ப்பக்கத்தாரிடமிருந்து கற்பதற்கு அவர் நாணவில்லை.

நம்மவரிடத்தும் கேள்வி மரபு இருந்தது. கோயில்களிலே புராணபடனம் நடக்கும். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றவர் பயன் சொல்லுவார். கந்தபுராணம் யாழ்ப்பாணத்து மக்களின் உதிரத்தில் ஊறியது அந்தத் திண்ணைகளிலும் மண்டபங்களிலுமே. ஆனால் அங்கே பேச்சு செய்யுளின் பின்னே செல்லும். புராணத்தில் எந்த இடம் வந்ததோ அதுவே அன்றைய பொருள். கேட்பவருடைய அன்றைய வாழ்வுக்கு எது வேண்டும் என்பது அங்கே கேள்வியன்று.

1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆந் திகதி, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயில் வசந்த மண்டபத்திலே இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் எழுந்து நின்றார். முன்னே செய்யுள் வாசிப்பார் இல்லை. எடுத்துக்கொண்ட பொருள் ஒன்று; அதனை வசனத்திலே விரித்துரைத்தார். சைவக் கோயிலொன்றிலே பிரசங்கம் என்னும் புது முறை அன்றுதான் அங்கே தொடங்கிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமையும் நடந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் நடந்தது. பல ஆண்டுகள் நடந்தது. நாவலரும் அவர் நண்பராகிய நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் மாறி மாறிப் பேசினர். எடுத்த பொருள்களைப் பார்த்தால், ஆகாயத்திலே பறப்பவை மிகச் சில. கள்ளுண்ணலின் கேடு, பிறன்மனை விழைதலின் கேடு, கொல்லாமை, தருமஞ் செய்தல், பசுவைக் காத்தல், சிவலிங்க வழிபாடு, தீட்சை, கடவுள் ஒருவரே என்பது. இவற்றுட் பல, கேட்டவன் மறுநாட் காலையிலேயே செய்து பார்க்கக்கூடியவை. அல்லது விட்டுப் பார்க்கக்கூடியவை.

இந்த இடத்திலே நூலை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். மூன்று செய்திகள் எனக்குத் தைத்தன.

முதலாவது, அந்த வெள்ளிக்கிழமை ஒழுங்கு. ஒரு நாளைக்கு மாத்திரம் பேசுபவன் தன்னைக் காட்டிக்கொண்டு போய்விடலாம். அடுத்த கிழமையும் அதே முகங்களுக்கு முன்னே நிற்கவேண்டியவன் அப்படிச் செய்ய முடியாது. சென்ற கிழமை சொன்னது விளங்கியதோ இல்லையோ என்பது இந்தக் கிழமை வந்திருப்போரின் முகத்திலே தெரியும். நான் என் மாணவியைக் கடலின் முன்னே நிறுத்தினேன். கடல் எல்லாவற்றையும் கேட்கும், ஒன்றுக்கும் முகஞ்சுளிக்காது. நாவலர் பழகியது மனிதருக்கு முன்னே.

இரண்டாவது, கார்த்திகேய ஐயர். ஒருவர் பேசும்போது மற்றவர் சபையிலே இருந்து கேட்டிருப்பார். பேசத் தெரிந்தவன் கேட்பாரோடு கலந்திருந்து கேட்பது பெரிய கல்வி. எங்கே சனம் அசைகின்றது, எங்கே ஒருவன் பக்கத்திலிருப்பவனைப் பார்க்கின்றான், எங்கே எல்லாரும் ஒன்றாய் அமைதியடைகின்றனர் என்பவற்றை மேடையிலே நின்று காண்பதைப் பார்க்கிலும் பாயிலே இருந்து நன்றாய்க் காணலாம்.

மூன்றாவது, வசனம். செய்யுளிலே தோய்ந்த ஒருவர் செய்யுளை விட்டு இறங்கி வந்து, கேட்பவனுக்கு விளங்கும் நடையிலே பேசினார். இறங்கி வந்தவருக்குப் புலமை குறையவில்லை. நானோ, விளங்கப் பேசுகின்ற பிள்ளையொருத்தியை அவள் ஏற வேண்டாத இடத்துக்கு ஏற்றிவிட்டேன்.

பின்பு நடந்தவை பலரும் அறிந்தவை. 1848ஆம் ஆண்டு மிஷன் உத்தியோகத்தை விட்டார். விட்டுவிடப் பேர்சிவல் பாதிரியாருக்கு மனமில்லை. அவ்வாண்டே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். வெள்ளிக்கிழமை மாலையிலே பெரியவர்களுக்குச் சொன்னதை மற்றைய நாட்களிலே பிள்ளைகளுக்குச் சொல்ல ஓர் இடம் வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்கு அச்சியந்திரம் வேண்டும். 1849ஆம் ஆண்டு, தம் மாணாக்கராகிய சதாசிவப்பிள்ளையோடு அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் புறப்பட்டார். வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்திற் பிரசங்கஞ் செய்தார். புலவர்கள் நிறைந்த மடம் அது. அங்கேதான் நாவலர் என்னும் பட்டம் அவருக்குச் சூட்டப்பட்டது. அச்சியந்திரம் வாங்கப் போனவர் பட்டத்தோடும் மீண்டார். பட்டம் வாங்கவென்று போனவர்கள் பலரை நான் அறிவேன்.

அச்சியந்திரம் வந்த பின்னர், மண்டபத்திலே எழுந்த வசனம் தாளிலே ஏறிற்று. 1850ஆம் ஆண்டை அடுத்துப் பாலபாடங்கள் வந்தன. 1852ஆம் ஆண்டு பெரியபுராண வசனம் வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் செய்யுட் காப்பியத்தை, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த குடும்பத்தினரும் விளக்கின் முன்னிருந்து வாசிக்கத் தக்கதாகச் செய்தார். அவருடைய பதிப்புகளிலே காற்புள்ளி, அரைப்புள்ளி முதலிய குறியீடுகளைக் காண்கின்றோம். அவற்றை இலக்கணக் குறிகள் என்று மட்டும் இதுகாறும் எண்ணியிருந்தேன். அவை பேசுபவருடைய மூச்சு. இவ்விடத்திலே நில், இவ்விடத்திலே சிறிது நில், இவ்விடத்திலே முடி என்று, சபையிலே பேசிப் பழகிய ஒருவர் வாசிப்பவனுக்குக் கைகாட்டுகின்றார்.

சொல்லைச் செயல் தாங்கிற்று. 1864ஆம் ஆண்டு சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1872ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே ஓர் ஆங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். பொருள் முட்டுப்பாட்டினால் அது சில ஆண்டுகளுள் நின்றது. 1877ஆம் ஆண்டளவிலே யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வருத்தியபோது, பொருளுடையாரிடம் இரந்து கஞ்சி வார்த்தார். தருமத்தைப் பற்றி வசந்த மண்டபத்திலே பேசிய நா அது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அந்த நாவே வீடு வீடாய்ப் போய்த் தருமம் கேட்டது. கேட்டவர்கள் கொடுத்தார்கள். 1879ஆம் ஆண்டு சட்டநிரூபண சபைத் தமிழ்ப் பிரதிநிதி முத்துக்குமாரசுவாமி காலமானபோது, அவ்விடத்துக்குப் பொன்னம்பலம் இராமநாதன் வரவேண்டும் என்று கூட்டங்கூட்டிப் பேசியவர்களுள் முதல்வரும் நாவலரே. இராமநாதன் அப்பதவியைப் பெற்றார்.

இத்துணையும் சொல்லி, மற்றொரு பக்கத்தைச் சொல்லாது விட்டால் நான் மாணாக்கருக்குப் பொய் சொன்னவனாவேன். நாவலரின் நா சுடவும் வல்லது. கண்டனங்களிலே அவர் எதிரியை மதித்து எழுதினார் என்று சொல்ல இயலாது. இராமலிங்க சுவாமிகளின் பாடல்களை அருட்பா என்று வழங்கலாகாது என்று எழுந்த வழக்கு 1869ஆம் ஆண்டு மஞ்சக்குப்பம் நீதிமன்று வரை சென்றது. சிவனை வழிபட்ட இரு பெரியாருக்கிடையிலே எழுந்த அந்தப் பூசலை, அவர்கள் காலத்தின் பின்னும் மாணாக்கர்கள் நெடுநாள் வளர்த்தனர். வன்சொல்லின் ஆயுள் சொன்னவனுடைய ஆயுளிலும் நீண்டது.

மற்றொன்று இன்னும் பாரமானது. சாதியொழுங்கை அவர் ஏற்றுக்கொண்டவர். ஆசார நூல் வழியே அதனை வற்புறுத்தியவர். விளங்கும் தமிழிலே எல்லார்க்குமாகப் பேசிய பேச்சு, எல்லார்க்கும் திறவாத கோயிலுக்குள்ளே பேசப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கோயில்கள் சிலவற்றின் கதவுகள் 1960ஆம் ஆண்டுகளில்தான், அதுவும் போராட்டத்தின் பின்னரே திறந்தன. மாவிட்டபுரத்தில் 1968ஆம் ஆண்டு நடந்ததைப் பலரும் அறிவர். நாவலர் பேசி நூற்றிருபது ஆண்டுகள் கழிந்திருந்தன.

1879ஆம் ஆண்டு ஆடிச் சுவாதி, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினம். வண்ணார்பண்ணையிலே அன்று செய்த பிரசங்கமே நாவலரின் கடைசிப் பிரசங்கமாயிற்று. அவ்வாண்டு டிசெம்பர் 5ஆந் திகதி தமது ஐம்பத்தேழாவது வயது நிரம்புமுன் சிவபதமடைந்தார். இல்லறம் புகாதவர், தமக்கென்று ஒன்றும் சேர்க்காதவர். முதற் பிரசங்கத்துக்கும் கடைசிப் பிரசங்கத்துக்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள். இரண்டும் ஒரே ஊரில்.

மறுநாட் பாடசாலைக்குச் சென்றேன். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, பிழை என்னுடையது என்று வகுப்பின் முன்னிலையிலே சொன்னேன். பின்னர் ஓர் ஒழுங்கு செய்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசிப் பாடவேளையிலே இரு பிள்ளைகள் பேசவேண்டும். எழுதி வரலாகாது, நான்கு சொற்கள் மாத்திரம் ஒரு துண்டிலே குறித்து வரலாம். பேசிய பின்னர், கேட்டுக்கொண்டிருந்த ஒரு பிள்ளை எழுந்து, தனக்கு விளங்கியதைச் சொல்லவேண்டும். நானும் மேசையை விட்டுப் பின்வாங்கிலே போய் இருந்து கேட்கத் தொடங்கினேன். முதலிரண்டு மாதங்கள் சிரிப்பும் தடுமாற்றமுமாகவே கழிந்தன. பின்னர், மழைக்கு ஒழுகும் கூரையைப் பற்றி ஒருவன் பேசினான். மாட்டுக்கு வந்த நோயைப் பற்றி ஒருத்தி பேசினாள். வகுப்பு அமைதியாய் இருந்து கேட்டது.

இவ்வாண்டு கார்த்திகை மகத்திலே பாடசாலையில் நாவலர் குருபூசை நடந்தது. அந்தப் பிள்ளை தானே வந்து, தான் பேசுவதாகச் சொன்னாள். என்ன பேசப்போகின்றாய் என்று கேட்டேன். நான்கு சொற்கள் எழுதிய துண்டைக் காட்டினாள். வெள்ளிக்கிழமை, வசனம், கஞ்சி என்பன முதன் மூன்று. நான்காவது சொல் வாசல்.

அந்தச் சொல்லைக் கண்டபோது என் கை பேனாவைத் தேடிற்று. சபையிலே பெரியவர்கள் இருப்பார்கள், குருபூசைத் தினம், ஏன் வீண் வம்பு என்று மனம் சொல்லிற்று. அழித்திருப்பேன். ஆனால், கேட்பவனுக்கு வேண்டியதைச் சொல்லவேண்டும் என்று நாவலரைக் காட்டி ஓராண்டு முழுவதும் படிப்பித்தவன் நான். துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவள் பேசினாள். வெள்ளிக்கிழமைகளைச் சொன்னாள், எளிய வசனத்தைச் சொன்னாள், பஞ்சகாலத்துக் கஞ்சியைச் சொன்னாள். இடையிலே ஒரு சொல் மறந்து நின்றாள், சபையைப் பார்த்தாள், வேறு சொல்லாற் சொல்லித் தொடர்ந்தாள். ஈற்றிலே, அந்த வசந்த மண்டபத்துக்குத் தன் பாட்டனின் பாட்டன் போயிருந்தால் எவ்விடத்திலே இருக்க விட்டிருப்பார்கள் என்று கேட்டாள். கேட்டுவிட்டு, இந்தக் கேள்வியை இப்படி விளங்கும் தமிழிலே கேட்பதற்கு வழிகாட்டியவரும் நாவலர்தான் என்று சொல்லி வணங்கி இறங்கினாள்.

உடனே ஒருவரும் கைதட்டவில்லை. பின்வாங்கிலே இருந்த நான் சபையைப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை, ஒருவரும் பக்கத்திலிருப்பவரைப் பார்க்கவில்லை. அவள் தன் இடத்திலே வந்து இருந்த பின்னரே, முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் மெல்லத் தட்டத் தொடங்கினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பேசவேண்டியவன் மறுநாளே வந்து, எத்தனை சொற்கள் எழுதலாம் என்று கேட்டான். நான்கு என்றேன்.